பெருந்தொற்றில் இறந்தோரை எண்ணுவது

பெருந்தொற்றுக் காலத்தில் அரசு வெளியிடும் இறப்புக் கணக்கில் ஒருவர் இடம்பெற, அவர் இறந்தால் மட்டும் போதாது. அவருடைய இறப்பு பதிவாக வேண்டும். இன்ன நோயால்தான் இறந்தார் என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருப்பவர் அதை அன்றைய கணக்கில் ஏற்ற வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் இறந்தவர் கணக்குக்கு வெளியே நின்றுவிடுவார். 2021 முடியும்போது இந்திய அரசின் கணக்கில் கோவிட் இறப்புகள் சுமார் 4.81 லட்சம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் பெருந்தொற்றை ஒட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த இறப்புகள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் அறிவித்தது. ஏறக்குறையப் பத்து மடங்கு வித்தியாசம். கூட்டல் பிழையால் வரக்கூடிய வித்தியாசம் இல்லை இது. இரண்டு எண்களும் வெவ்வேறு பொருள்களை எண்ணுகின்றன.

இந்தியாவில் இறப்புப் பதிவு 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி நடக்கிறது. இறப்பு நேர்ந்த 21 நாட்களுக்குள் அது நேர்ந்த இடத்தின் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவமனையும், வீட்டில் இறந்தால் குடும்பத்தாரும் தெரிவிக்கிறார்கள். இறப்பின் காரணத்தைச் சொல்ல மருத்துவர் நிரப்பும் படிவம் தனி: மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4, வெளியில் நேர்ந்த இறப்புக்குப் படிவம் 4ஏ. இந்தத் தாள்கள் பல படிகளைக் கடந்து, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டறிக்கையாகத் திரள்கின்றன.

ஆனால் 2020இல் தொலைக்காட்சியின் அடியில் ஓடிய எண்ணுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அந்த எண் மருத்துவமனையிலிருந்து மாவட்டச் சுகாதார அலுவலகம், மாநிலச் சுகாதாரத் துறை, மத்தியச் சுகாதார அமைச்சகம் என்று வேறொரு வழியில் போனது. முதல் வழி மெதுவானது, ஆனால் எல்லா இறப்புகளையும் பிடிக்க முயல்வது. இரண்டாவது வேகமானது, ஆனால் பரிசோதனையில் தொற்று உறுதியாகி மருத்துவமனையில் இறந்தவரையே பெரும்பாலும் பிடிப்பது. பொதுமக்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அரசுகளும் அந்தத் தவறைத் திருத்த அவசரப்படவில்லை.

முதல் தடை பரிசோதனை. 2020 ஜனவரி மாதத்தில் இந்தியாவில் இந்த வைரஸைப் பரிசோதித்துச் சொல்லக்கூடிய இடமாகப் புனேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் மட்டுமே இருந்தது. ஆய்வகங்கள் பிறகு வேகமாகப் பெருகின. ஆனாலும் பரிசோதனைக்கு முன்பே இறந்தவர்களும், முடிவு வருவதற்குள் இறந்தவர்களும், கிராமத்தில் காய்ச்சலோடு கிடந்து இறந்தவர்களும் இருந்துகொண்டே இருந்தார்கள். 2021 மே மாதம் பீகாரின் பக்சர் மாவட்டத்தில் கங்கையில் 71 உடல்கள் மிதந்து ஒதுங்கின. அவற்றுக்குப் பரிசோதனை முடிவும் இல்லை, சான்றிதழும் இல்லை.

அடுத்த தடை, காரணத்தை எழுதுவது. இறப்புக் காரணச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் இறப்புக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளின் சங்கிலியை எழுத வேண்டும்: உடனடிக் காரணம் மேலே, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அடிப்படைக் காரணம் கடைசியில். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போன்ற இணை நோய்கள் இரண்டாம் பகுதிக்கு உரியவை. கோவிட் நிமோனியாவாகி, அது மூச்சுச் செயலிழப்பில் முடிந்தால் அடிப்படைக் காரணம் கோவிட்தான். நோயாளிக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்திருந்தாலும் அப்படித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொன்னது. பரிசோதனையில் உறுதியானவற்றுக்கு ஒரு குறியீடு, அறிகுறிகளால் ஐயப்படுபவற்றுக்கு இன்னொரு குறியீடு என்று பிரித்தும் கொடுத்தது. பல மாநிலங்களில் நடந்தது வேறு. இறப்புத் தணிக்கைக் குழு கூடி, இவர் கோவிட்டால் இறந்தவரா, கோவிட்டோடு இறந்தவரா என்று முடிவு செய்யும்வரை பெயர் பட்டியலில் ஏறவில்லை. அந்தப் பிரிப்பில் சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் எளிதாக மறுபக்கம் தள்ளப்பட்டார்கள்.

விளக்கம் மாறினால் எண்ணும் மாறும். பிரிட்டனில், தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகளை மட்டும் கணக்கில் கொள்வது என்று 2020 ஆகஸ்ட் மாதம் முடிவானபோது, ஒரே நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் கணக்கிலிருந்து இறங்கின. பெரு நாட்டில் இதற்கு நேர்மாறு. 2021 மே இறுதியில் அந்நாடு தன் அளவுகோலைத் தளர்த்தியபோது சுமார் 69,000ஆக இருந்த எண்ணிக்கை 1.80 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு நாடுகளிலும் அந்த நாளில் புதிதாக யாரும் அதற்காக இறக்கவுமில்லை, பிழைத்து எழவுமில்லை.

இந்தியாவில் இத்தகைய திருத்தங்கள் தவணை தவணையாக வந்தன. 2020 ஜூன் 16 அன்று மகாராஷ்டிரம் விடுபட்ட 1,328 இறப்புகளைச் சேர்த்தது. அவற்றுள் 862 மும்பையில் நேர்ந்தவை. சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் சுகாதாரத் துறைக் கணக்கிற்கும் இடையே இருந்த இடைவெளி அந்த ஜூன் மாதத்தில் வெளியே தெரிந்தது. அரசு குழு அமைத்து, ஜூலை 22 அன்று 444 இறப்புகளைக் கூட்டியது. பீகாரில் உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்துக்குப் பின் 2021 ஜூன் மாதத்தில் 3,951 இறப்புகள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. இப்படிச் சேர்த்த நாளில் வரைபடத்தில் ஒரு கூர்முனை எழும். நோய் அன்று உச்சத்தில் இருந்ததாக அதைப் படிப்பவர் ஏமாறுவார்.

மூன்றாவது சிக்கல் இடம் பற்றியது. இதைச் சிறிய அளவில் பார்த்தால்தான் முழுதாக விளங்கும்; அதற்குப் புனேயின் வடகிழக்கு ஓரத்திலுள்ள லோஹேகாவ் பொருத்தமான ஊர். விமானப்படைத் தளமும், அதே ஓடுபாதையைப் பயன்படுத்தும் புனே விமான நிலையமும் இங்கேதான் உள்ளன. ஹவேலி வட்டத்துக் கிராமமாக இருந்த இதன் ஒரு பகுதி முன்பே மாநகராட்சியில் சேர்ந்திருந்தது. மீதிப் பகுதி 2017இல் மற்றப் பத்து கிராமங்களோடு இணைக்கப்பட்டது. பெருந்தொற்று வந்தபோது புனேயின் கணக்கு பல துண்டுகளாக இருந்தது: புனே மாநகராட்சி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, மூன்று கன்டோன்மென்ட் வாரியங்கள், மாவட்டத்தின் கிராமப் பகுதி. பதிவுச் சட்டம் இறப்பு நேர்ந்த இடத்தைப் பார்க்கிறது. லோஹேகாவ்காரர் ஒருவர் சசூன் அரசு மருத்துவமனையில் இறந்தால் ஒரு பதிவேடு. கன்டோன்மென்ட் எல்லைக்குள் இறந்தால் வேறொன்று. பிம்ப்ரியில் இறந்தால் இன்னொன்று. மறுபுறம், சாதாராவிலிருந்தும் சோலாப்பூரிலிருந்தும் மூச்சுத் திணறலோடு புனேக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தவர்கள் புனேயின் சுடுகாட்டுக் கணக்கில் ஏறினார்கள். நோய்க் கணக்கில் தத்தம் மாவட்டத்துக்குத் திருப்பப்பட்டார்கள், சில வேளை எங்குமே சேராமல் நின்றார்கள். நகரின் மயானங்களில் எரிந்த உடல்களை எண்ணி, அதை மாநகராட்சி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பத்திரிகையாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வித்தியாசம் முழுவதையும் மறைப்பு என்று கொள்ள முடியாது. ஒரு பங்கு மறைப்பு, ஒரு பங்கு பரிசோதனையின்மை, ஒரு பங்கு இந்த எல்லைக் குழப்பம்.

புனேக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வியில் மருத்துவர் அகாசியோ வீகஸ் பிளேக்கை அடையாளம் கண்டார். சில மாதங்களில் அது புனேக்கு வந்தது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்கள் சட்டம் பிறந்தது. (2020இல் இந்தியா முதலில் கையிலெடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.) டபிள்யூ. சி. ராண்ட் தலைமையில் அமைந்த பிளேக் குழு, மார்ச் மாதம் முதல் சிப்பாய்களை விட்டு வீடுவீடாகச் சோதனையிட்டது. நோயாளியைத் தனி மருத்துவமனைக்கும், உடனிருந்தவர்களை முகாமுக்கும் அனுப்பினார்கள், சாமான்களை எரித்தார்கள். இறப்பைப் பதியாமல் ஈமச்சடங்கு செய்வது குற்றம் என்றும் அறிவித்தார்கள்.

கணக்கெடுப்பின் கண்ணோட்டத்தில் கடைசி ஆணை சரியானதே. சுடுகாட்டு வாசலில் பதிவேட்டை வைத்தால் எந்த இறப்பும் தப்பாது என்பது அதன் தர்க்கம். ஆனால் இறப்பைச் சொன்னால் வீடு இடிபடும், பெண்கள் சோதனைக்கு உள்ளாவார்கள், பிழைத்திருப்பவர்கள் முகாமுக்குப் போக வேண்டும் என்ற நிலையில் யார் சொல்வார்கள்? நோயை மறைத்தார்கள்; உடலை இரவோடு இரவாகப் புதைத்தார்கள்; சொல்ல நேர்ந்தால் வெறும் காய்ச்சல் என்றார்கள். அக்காலப் பதிவேடுகளில் காய்ச்சல் என்ற தலைப்பு எதையும் விழுங்கும் தலைப்பாக இருந்ததால் அந்தப் பொய் எளிதில் செல்லுபடியானது. இன்னொன்றும் நடந்தது: நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். ஓடியவர்களில் எத்தனை பேர் வேறு ஊரில் இறந்தார்கள் என்பது புனேக்குத் தெரியாது. மிச்சமிருந்தோர் எத்தனை பேர் என்பதும் தெரியாது. ஆகவே ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்ற கணக்கில் மேலே போட வேண்டிய எண்ணும் கீழே போட வேண்டிய எண்ணும் ஒருசேரக் கெட்டன.

அந்தத் தொற்றில் இறந்தவர்களில் சமூகச் சீர்திருத்தவாதி சாவித்திரிபாய் பூலேயும் ஒருவர். முண்டுவாவின் ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைச் சுமந்து தம் மகன் யஷ்வந்தின் சிகிச்சையிடத்துக்குக் கொண்டுவந்தவர், தாமும் நோய் பற்றி 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அத்தகைய குடியிருப்புகளில் இறந்த மற்றவர்கள் பதிவேட்டுக்கு எந்த அளவு வந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ராண்ட் அந்த ஆண்டு ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டு, ஜூலை தொடக்கத்தில் இறந்தார்.

1918இன் இன்ஃபுளுயன்சாவில் மறைக்க நேரமே இருக்கவில்லை. பதிய வேண்டிய கிராம அலுவலரே படுத்துவிட்டபோது பதிவேடு நின்றுபோனது. இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் வைட் 1919இல் தந்த முதல் மதிப்பீடு சுமார் 60 லட்சம் இறப்புகள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோதுதான் அந்த எண் போதாதென்று புரிந்தது: இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 25.1 கோடியாகக் குறைந்திருந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது. பின்வந்த ஆய்வாளர்கள் ஒரு கோடியே 40 லட்சம் முதல் இரண்டு கோடி வரை பல மதிப்பீடுகளைத் தந்தார்கள். நூறாண்டு கழிந்த பின்னும் சில பத்து லட்சம் உயிர்கள் மதிப்பீட்டு இடைவெளிக்குள் கிடக்கின்றன.

காரணத்தை நம்ப முடியாதபோது காரணத்தையே விட்டுவிட்டு, எல்லா இறப்புகளையும் எண்ணி வழக்கமான ஆண்டோடு ஒப்பிடலாம். இதற்குப் பெயர் கூடுதல் இறப்பு. முறை பழையது. லண்டன் வணிகரான ஜான் கிரான்ட், 1662இல் அந்நகரின் வாராந்தர இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்தார். 1625இன் கொள்ளைநோய் ஆண்டில் பிளேக் இறப்புகள் 35,417 என்றிருந்தது. மற்றக் காரணங்களால் இறந்தோர் 18,848. சாதாரண ஆண்டில் அந்த மற்றக் காரணங்கள் ஏழெட்டு ஆயிரத்தைத் தாண்டாது. மிகுதியான சுமார் 11,000 பேரும் பிளேக்கில் இறந்து வேறு பெயரில் எழுதப்பட்டவர்கள்தான் என்று அவர் முடிவு செய்தார். பிளேக் இறப்புகளில் நாலில் ஒன்று மறைந்திருந்தது.

கிரான்டின் முறைக்கு இரண்டு தேவைகள்: எல்லா இறப்புகளும் பதிவாகியிருக்க வேண்டும், வழக்கமான ஆண்டு எது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இரண்டும் இடறுகின்றன. பதிவான இறப்புகள் 2018இல் 69.5 லட்சம், 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம். நோயே இல்லாத 2019இல் கூடியது ஏறக்குறைய ஏழு லட்சம். நோய் வந்த 2020இல் கூடியது ஐந்து லட்சத்துக்கும் குறைவு. பதியும் பழக்கம் ஆண்டுதோறும் மேம்பட்டு வருவதால் எண்ணிக்கை தானாகவே ஏறுகிறது, அதைப் பெருந்தொற்றின் பெயரில் எழுதக்கூடாது என்று அரசு வாதிட்டது. 2020ஐப் பொறுத்தவரை இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஊரடங்கால் குறைந்த இறப்புகளும் உண்டு: சாலை விபத்துகளில் 2019இல் 1.51 லட்சம் பேர் இறந்தார்கள், 2020இல் 1.32 லட்சம். மறுபக்கம், டயாலிசிசுக்கும் பிரசவத்துக்கும் மருத்துவமனை செல்ல முடியாமல் இறந்தவர்களும் கூடுதல் இறப்புக்குள் வருகிறார்கள். தொற்றின் இறப்பையும் தொற்றுக்காலத்தின் இறப்பையும் அந்த முறை பிரித்துக் காட்டாது.

2021இன் கதை வேறு. அந்த ஆண்டு பதிவான இறப்புகள் 1.02 கோடி, ஒரே ஆண்டில் 21 லட்சம் அதிகம். பதிவு மேம்பட்டது என்று சொல்லி இதைக் கடக்க முடியாது. ஏனென்றால் 2020இலேயே ஏறத்தாழ எல்லா இறப்புகளும் பதிவாகிவிட்டதாக அரசே சொல்லியிருந்தது. எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை மாதிரியாகக் கொண்டு நடக்கும் மாதிரிப் பதிவுத் திட்டம் தனி ஏற்பாடு. அதன்படி ஆயிரம் பேருக்கு 6.0 என்றிருந்த இறப்பு விகிதம் 2021இல் 7.5 ஆயிற்று. 136 கோடி மக்களுக்கு இந்த ஒன்றரைப் புள்ளியைப் பெருக்கினால் சுமார் 20 லட்சம் வருகிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு அரசு ஆதாரங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த ஆண்டு நாளறிக்கைகள் காட்டிய கோவிட் இறப்புகளோ சுமார் 3.3 லட்சம்.

இதைவிட அழுத்தமான சான்று மருத்துவச் சான்றிதழ்களில் இருக்கிறது. இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் காற்பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் எழுதிய காரணம் உண்டு, 2020இல் 22.5 விழுக்காடு. அந்தச் சிறு பங்குக்குள் மட்டும் கோவிட் என்று எழுதப்பட்டவை 2020இல் 1,60,618, 2021இல் 4,13,580. இரண்டும் சேர்ந்து 5.74 லட்சம். அதாவது நான்கு இறப்புகளில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காத ஆவணம் காட்டும் எண், நாடு முழுவதையும் பார்த்ததாகச் சொல்லப்பட்ட 4.81 லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த முரணுக்கு மாதிரிக் கணக்கோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. இரண்டு அரசு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 47 லட்சத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை. இந்தியாவின் மாதவாரி தேசியக் கணக்கு கிடைக்காததால், 17 மாநிலங்களிலிருந்து கிடைத்த தரவுகளை வைத்து மற்றதைக் கணித மாதிரியால் நிரப்பினார்கள். அவற்றுள் ஒரு பங்கு பத்திரிகையாளர்களும் தகவல் உரிமைச் சட்ட மனுதாரர்களும் திரட்டியவை. இந்தியா இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தது. ஆனால் வேறு வழிகளில் போனவர்களும் அதே திசையில்தான் வந்து சேர்ந்தார்கள். ஆய்வாளர் பிரபாத் ஜா குழுவினர் 1.37 லட்சம் பேரிடம் நடந்த தொலைபேசிக் கருத்தாய்வு முதலியவற்றைக் கொண்டு 2021 ஜூலை வரை சுமார் 32 லட்சம் கோவிட் இறப்புகள் என்றார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனம் 2022இல் சுமார் 41 லட்சம் கூடுதல் இறப்புகள் என்றது. அரசின் சொந்த ஆதாரங்களே 2021க்கு மட்டும் 20 லட்சத்தைக் காட்டும்போது, கீழ் எல்லை அதற்குக் குறையாது என்று கொள்வதில் துணிச்சல் ஏதுமில்லை. மேல் எல்லைதான் விவாதத்துக்கு உரியது.

விட்டுப்போன இறப்புகள் ஓரளவு வெளிவந்தது இழப்பீட்டின் வழியாக. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று கோவிட்டில் இறந்தோர் குடும்பங்களுக்குக் கருணைத் தொகை வழங்கும்படி பணித்தது. தொகை 50,000 ரூபாய் என்று பின்னர் முடிவாயிற்று. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்தால் கோவிட் இறப்பே என்று புதிய வழிகாட்டுதலும் வந்தது. 2022 ஜனவரி மாத நிலவரப்படி, பத்தாயிரத்துச் சொச்சம் இறப்புகளை மட்டும் அறிவித்திருந்த குஜராத்தில் 89,633 விண்ணப்பங்கள் வந்திருந்தன, 68,370 ஏற்கப்பட்டிருந்தன. ஒரே அரசு, ஒரே நோய்க்கு, பணம் கொடுக்க ஒரு கணக்கும் அறிக்கை விட வேறொரு கணக்கும் வைத்திருந்தது. 1897இன் புனேயில் பதிவுக்குக் கிடைத்தது தண்டனை, அதனால் இறப்புகள் ஒளிந்தன. 2021இல் பதிவுக்கு ஒரு பயன் கிடைத்ததும் அவை வெளியே வந்தன. பொய் விண்ணப்பங்களும் வந்திருக்கும்தான். ஆனால் அதிகாரிகளே சரிபார்த்து ஏற்றவை அறிவித்ததைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு.

எண்ணும் திறமை நாட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 ஜனவரி 12 அதிகாலையில் மாஞ்சரியின் சீரம் நிறுவனத்திலிருந்து கிளம்பிய கோவிஷீல்டு தடுப்பூசிப் பெட்டிகள் லோஹேகாவ் விமான நிலையம் வழியாகச் சென்னை உட்படப் பல நகரங்களுக்குப் பறந்தன. நாட்டில் போடப்பட்ட தடுப்பூசிகள் ஒவ்வொரு தவணையாக அரசின் கோவின் தளத்தில் பதிவாகி, அக்டோபர் 21 அன்று நூறு கோடியைத் தொட்டபோது நாடே அறிந்தது. இறப்புப் பதிவுக்கு அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் மாதவாரி எண்கள் கையில் இருந்திருக்கும். இரண்டாம் அலையின் வீச்சை அது நடந்துகொண்டிருக்கும்போதே அளந்திருக்கலாம். ஆக்சிஜனும் படுக்கையும் எங்கே வேண்டும் என்பதை நாளறிக்கையின் பாதிக் கணக்கை நம்பி முடிவு செய்ய நேர்ந்திருக்காது.

2021இல் இறந்தோர் எத்தனை பேர் என்ற அரசின் அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளியானது. அந்த இறப்புகளை வகுப்பதற்குத் தேவையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடக்கவேயில்லை. 2027 மார்ச் 1 அதற்கு அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதுவரை இந்திய ஊர் எதற்கும் கணக்கெடுப்பு தரும் மக்கள்தொகை 2011இன் எண்தான்.